ஒன்பது சதவீதத்தின் மகிமை: பதிவுத்துறைத் தலைவருக்கு ஒரு பகிரங்க விண்ணப்பம்

மகா ராஜராஜஸ்ரீ, சென்னை சாந்தோமில் கொலுவீற்றிருக்கும் பதிவுத்துறைத் தலைவர் அவர்களின் சமூகத்துக்கு, திருப்பத்தூரில் சொந்த வீடு ஒன்று வாங்கும் உத்தேசத்துடன் காலங்கழித்துவரும் குடிமகன் ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

எங்கள் ஊரை, 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த ஒரு புது மாவட்டத்தின் தலைநகர் என்ற அளவில் தாங்கள் எண்ணிவிடலாகாது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமையைப் பெற்றுக்கொண்ட கும்பினியார், அலெக்சாண்டர் ரீடு என்னும் துரையை இவ்வூரில் அமர்த்தி, தாமஸ் மன்றோ முதலானோரை அவருக்குத் துணையாக வைத்து, நிலத்தை அளந்து, குடியானவன் ஒவ்வொருவனோடும் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி ஏற்பாட்டுக்கு வித்திட்டது இந்தச் சீமையில்தான். ஆகவே நிலக் கணக்குக் காகிதங்களோடு எங்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிநேகம் உண்டு. அத்தனை சிநேகம் இருந்தும், ஒரு வீடு இன்னாருக்குத்தான் சொந்தம் என்று சர்க்காரின் எந்த அலுவலகம் உறுதியாகச் சொல்லும் என்கிற சின்னஞ்சிறு கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

பட்டாவைக் காட்டினால், அது வருவாய்க் கணக்குக்கான காகிதமேயன்றி உரிமைச் சாசனம் அன்று என்கிறது சட்டம். கிரயப் பத்திரத்தைக் காட்டினால், எழுதிக்கொடுத்தவருக்கு அதை எழுதிக்கொடுக்கப் பாத்தியதை இருந்ததா என்று கேட்கிறது. அந்தப் பாத்தியதையைக் காட்டப் போனால் அவருடைய பத்திரம், அதற்கு முந்தியவருடைய பத்திரம் என்று மூலப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கி நடக்க வேண்டியதாகிறது. இந்தப் புனித யாத்திரையை முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொள்ளும் வக்கீல்களும் தங்கள் அபிப்பிராயத்தின் கடைசி வரியில், காண்பிக்கப்பட்ட ஆவணங்களைக் கொண்டு மாத்திரமே இவ்வாறு கருதுகிறோம் என்று ஒரு ஜாமீன் வாசகத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனித் தங்கள் இலாகாவின் கைங்கரியத்துக்கு வருவோம். கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு என்ற இரண்டில் எது அதிகமோ அதன் மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 3,60,000 ரூபாய் தங்கள் சந்நிதியில் காணிக்கையாகச் சேர்கிறது. 2017-இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் இறக்கிய அதே கருணையோடு பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக ஏற்றியதும், 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றிக் கட்டணத்தை இரண்டாக இறக்கியதும், ஏற்றமும் இறக்கமும் சமமென்று கருதும் ஸ்திதப் பிரக்ஞர்களுக்கே சாத்தியமான காரியங்கள். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் 10 லட்ச ரூபாய்க்குள் சொத்து வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் தள்ளுபடி என்றும் அருளியிருக்கிறீர்கள். அந்த விலைக்குக் கூரையும் சுவரும் சேர்ந்தாற்போல் ஒரு வீடு எந்தத் தெருவில் கிடைக்கிறது என்பதையும் அதே அரசாணையில் சேர்த்திருந்தால் எங்கள் தாய்மார்கள் இன்னும் அதிகமாக வாழ்த்தியிருப்பார்கள்.

இவ்வளவு பெற்றுக்கொண்டு தாங்கள் தருவது என்ன? 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, இன்ன தேதியில் இன்னார் இந்தக் காகிதத்தை எம் முன் தாக்கல் செய்து, கையொப்பம் தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார் என்னும் அத்தாட்சி. அந்த இன்னாருக்கு அந்த வீடு சொந்தமா என்பது தங்கள் விசாரணைக்கு உட்பட்டதன்று. நடுவில் தங்கள் இலாகாவுக்கே இதில் ஒரு கூச்சம் தோன்றி, முந்தைய மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 55-அ விதியை ஏற்படுத்தியபோது, பதிவு அதிகாரிக்கு உரிமையை ஆராயும் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மோசடிப் பத்திரத்தை இலாகாவே ரத்து செய்ய 2022-இல் பிறந்த 77-அ பிரிவோ, 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயுள் முடிந்தது. கோயில் வாசலில் டோக்கனுக்குக் காசு வாங்கிக்கொண்டு, காணாமற்போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை மாட்டியிருக்கும் செருப்புக் காப்பகத்தை, தோலும் செருப்புமாய்ப் பிழைக்கும் இந்தச் சீமையில் நாங்கள் நன்கு அறிவோம். ஆனால் அந்தக் காப்பகத்தார் செருப்பு விலையில் 9 சதவீதம் கேட்பதில்லை.

தாங்கள் மறுக்கும் பொறுப்பையெல்லாம் பத்திர எழுத்தரின் பேனா, வீட்டை விற்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது. சொத்தில் யாதொரு வில்லங்கமும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் காணப்பட்டால் தம் இதர சொத்துக்களைக் கொண்டு ஈடு செய்வதாகவும், வாங்குபவர் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தான விநிமய விக்கிரயாதி சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவிக்கலாமென்றும் அவர் மனப்பூர்வமாய் எழுதிக்கொடுக்கிறார். இதர சொத்து இருக்கிறவர் இருந்த ஒரே வீட்டை ஏன் விற்கிறார் என்பதை மட்டும் பத்திரம் சொல்வதில்லை.

வில்லங்கச் சான்றாவது கைகொடுக்குமே என்றால், பதிவானவற்றை மட்டுமே காணும் சத்திய விரதம் அதற்கு. 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் மத்திய சர்க்காரும் இந்துப் பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் வழங்கிய பிறப்புரிமையும், பங்கு கேளாமல் சிங்கப்பூரில் இருக்கும் அக்காளும் அதில் தெரிவதில்லை. பதிவு செய்யாத உயிலும் தெரிவதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில், இஸ்லாமிய சட்டப்படி சொல்லி, ஏற்று, சுவாதீனம் ஒப்படைத்த மாத்திரத்தில் நிறைவேறிவிடும் வாய்மொழி ஹிபா தெரியவே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததை முன்னிட்டு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டுமென்ற தத்துவத்தை நாட்டு மக்கள் அனைவருக்குமாக நிலைநாட்டியது. அதே பாலாற்று விவகாரத்தில் 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. சொத்தில் தமக்குத் தெரிந்த குறையை விற்பவர் வெளியிட வேண்டுமென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. கிணற்று நீரின் ருசியோ, எந்த வில்லங்கத்திலும் சேராமல், கிரகப் பிரவேசத்தன்று பால் காய்ச்சும்போதுதான் தன் சொரூபத்தைக் காட்டுகிறது.

இங்கிலாந்தில் வீடு வாங்கும் நம்மவர்கள் சொல்வதைக் கேட்டால் பொறாமை எழுகிறது. அங்கே 1862-இல் ஏற்பட்ட நிலப் பதிவகம் பத்திரத்தையன்று, உரிமையையே பதிவு செய்கிறது. பதிவேட்டின் பிழையால் நஷ்டமடைந்தால் பதிவகமே ஈடு செய்யும். வாங்குபவரின் வக்கீல் சாக்கடை இணைப்பு, மண்ணின் மாசு உட்பட விசாரித்துவிடுகிறார். அதுவும் பூலோக சுவர்க்கம் அன்று: ஊர்த் தேவாலயக் கூரையைப் பழுதுபார்க்கும் செலவு நிலத்தோடு ஒட்டிவந்தது என்று 2003-இல் பிரபுக்கள் சபை ஒரு தம்பதியின் தலையில் கட்டியதுண்டு.

வீட்டுக் கடனை, வட்டி குறைவென்று வேறு வங்கிக்கு மாற்றுவோரின் கதி தனி. பழைய கடன் தீர்ந்ததற்கு ஒரு ரசீது ஆவணம் பதிய வேண்டும். புதிய வங்கிக்கு உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணத்தை, அரை சதவீத முத்திரைத் தீர்வையும் மேற்கொண்டு கட்டணமும் செலுத்தி மறுபடி பதிய வேண்டும். ரசீதை மறந்தாலோ, அடைத்து முடித்த கடன் வில்லங்கச் சான்றில் சிரஞ்சீவியாய் வாழும். கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பாத வங்கி தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தரவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023-இல் விதித்துவிட்டது. அப்படி ஒரு விதி தங்கள் இலாகாவைத் தீண்டவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் குறிப்பிடுகிறேன்.

ஆகவே என் பிரார்த்தனை இரண்டே. வசூலாகும் ஒன்பதில் அரை சதவீதத்தைத் தனி நிதியாக ஒதுக்கி, தங்கள் அலுவலகத்தில் பதிந்த பத்திரத்தை நம்பி ஏமாந்தவர்களுக்கு அதிலிருந்து ஈடு செய்யுங்கள். அது ஆகாதென்றால், இப்பதிவு சொத்தின் உரிமைக்கு உத்தரவாதம் அன்று என்னும் வாசகத்தை ஒவ்வொரு பத்திரத்தின் முதற்பக்கத்திலும், பணம் கட்டுவதற்கு முன்பே கண்ணில் படும்படி, கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். அச்சுக் கூலியைத் தனிக் கட்டணமாக விதித்தாலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ரசீது மட்டும் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் விதேயனான
திருப்பத்தூர்க் குடிமகன்