வேர்க்கக் காசு குடுக்கப் போற பேராண்டிக்கு

என்னடா பேராண்டி, ஜப்பான்ல ஏதோ காட்டுக் கிராமத்துக்குப் போகணுமாமே? கூடாரத்துக்குள்ள கட்டில், மெத்தை, ஐஸ்பெட்டி எல்லாம் போட்டு வச்சிருக்கானாமே? சவுனான்னு பலகை அறை ஒண்ணுல 80, 90 பாகை சூடேத்தி உக்கார வைப்பானாமே? வேர்த்து ஊத்தினதும் பச்சத்தண்ணியில முக்கி, சாய்வு நாற்காலியில கெடத்துவானாமே? நம்ம பலாபத்வலயில பங்குனி மத்தியானம் பஸ்சுக்கு நின்னு பாத்திருக்கியா நீ?

ஜப்பான்காரனைக் குத்தம் சொல்ல மாட்டேன். கந்தோர்ல ராப்பகலா கெடந்து ஓஞ்சவன். அவன் ஊர்ப்புறத்துல பிள்ளைங்க இல்லாம பள்ளிக்கூடங்களைப் பூட்டிட்டாங்க. சிலதைத் தங்குற எடமா மாத்தி ஊருக்கு நாலு காசு வர வச்சிருக்காங்க. அது புத்தி. பின்லாந்துக்காரனையும் விட்டுரு. 55 லட்சம் சனத்துக்கு 33 லட்சம் சவுனா. 2020-ல யுனெஸ்கோவே அதைப் பாரம்பரியம்னு பட்டியல்ல ஏத்திருச்சு. பனியில வெறைக்கிறவன் வேற என்னா செய்வான்? உனக்கு என்னாடா குளிரு?

"ஒடம்புக்கு நல்லது தாத்தா"ம்பே. அந்த வைத்தியம் புதுசுன்னு நெனச்சியா? மாத்தளை ரோட்டுல அலுவிகாரைக்குப் போயிருப்பே, செல்ஃபி எடுக்க. 2000 வருசத்துக்கு முன்ன, வலகம்பா ராசா காலத்துல, பிக்குமாரு வாய்ப்பாடமா வச்சிருந்த திரிபிடகத்தை ஓலையில எழுதினது அங்கதான். அதுல ஒரு கதை வருது. வேசாலி ஊர்ச் சனங்க பிக்குமாருக்கு வகைவகையா விருந்து வச்சாங்களாம். தின்னு தின்னு பிக்குமாரு ஒடம்பு பெருத்து நோயில விழுந்துட்டாங்க. ஜீவகன்ற வைத்தியர் பாத்தாரு. புத்தர்கிட்டப் போயி, இவங்களுக்கு நடக்க ஒரு பாதையும் வேர்க்க ஒரு சூட்டு அறையும் அனுமதிக்கணும்னு கேட்டுக்கிட்டாரு. அப்பிடிக் கட்டின அறைங்க இடிஞ்சு கெடக்கிறதை நம்ம நாட்டுல ரிட்டிகலயிலயும் அரங்கெலயிலயும் இன்னைக்கும் பாக்கலாம்.

கவனிச்சியா? நடையும் சேத்துத்தான் மருந்து. நீ சூட்டு அறையை மட்டும் எடுத்துக்கிட்டே. மருந்தைக் கொட்டிட்டுக் கொழச்சுத் தின்னக் குடுத்த தேனை நக்குற கதை. முச்சந்திக் கடைக்குப் போறதுக்கே உனக்கு த்ரீவீல் வேணும்.

நடைன்னா என்னான்னு சொல்லவா? நம்ம வாசலுக்கு முன்னால ஓடுதே யாழ்ப்பாண ரோட்டு, கோப்பித் தோட்டக் காலத்துல நம்ம ஆளுங்க இந்தப் பக்கமாத்தான் வந்தாங்க. மன்னார்க் கரையில எறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியா மாத்தளைக்கு. 100 மைலுக்கு மேல கால்நடை. ராத்திரி மரத்தடி. காச்சல், வாந்திபேதி. விழுந்தவன் விழுந்த எடத்துலயே கெடந்தான். பொழச்சு வந்தவன் பேர்ல வழிச்செலவைக் கூட்டி வந்த கங்காணி கடன்னு எழுதிக்கிட்டான். காட்டுல படுக்கக் காசு குடுக்கிறது நம்ம பரம்பரைக்குப் புதுசு இல்லடா! வந்து சேந்தா 10க்கு 12 அடியில லயத்துக் காம்பரா. உன் ஜப்பான் கூடாரம் அதைவிடப் பெருசு, போன்ல காட்டினியே.

இப்ப ரத்தோட்டைக்கு மேல, ரிவர்ஸ்டன் பக்கமும் கூடாரம் போட ஆளுங்க வருது. கொழும்புப் பிள்ளைங்க காரை நிப்பாட்டி, மூடுபனியைப் படம் புடிக்குது. நக்கிள்ஸ் மலையும் 2010-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதுதான், அந்தச் சவுனாவுக்குப் பத்து வருசம் மூத்தது. அதே மலையில ஏலக்காய் காய வைக்க வெறகு தள்ளி, புகையில வெந்தவங்க இருக்காங்க. அவங்களுக்குக் காசு குடுத்து அந்தச் சூட்டுக்குள்ள அனுப்பினாங்க. உன்கிட்டக் காசை வாங்கிக்கிட்டு அனுப்புறாங்க. யாருடா கெட்டிக்காரன்?

சரி, போகத்தான் போறேன்னு நின்னா, மொதல்ல ரிவர்ஸ்டனுக்குப் போ. ரத்தோட்டையில பஸ்ஸ விட்டு எறங்கி நட. வேர்க்கும், சும்மாவே. தெல்கமு ஓயாவுல முங்கு. ஊர்க்காரன்கிட்ட ஆழம் கேட்டுட்டு முங்கு. அட்டைக்குச் சவுக்காரமும் உப்பும் எடுத்துக்க. மேல காத்து பேய்க்காத்து, கூடார முளையை நல்லா எறக்கி அடி. திரும்பி வந்து ஒடம்பு வலிச்சா, அப்பாயி நொச்சித் தழை அவிச்சுக் கம்பளியைப் போத்தி ஆவி புடிச்சு விடுவா. அவ சும்மா செய்வா. பானையைத் தூக்கி வைக்கிறது நான்தான். எனக்கு மட்டும் ஜப்பான் ரேட்டுல குடுத்துரு.