கப்பு மூடிடும்

எங்கள் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்துக்கு ஒரு வருஷம் நல்ல விலை கிடைத்துவிட்டால் போதும், நாலு வீட்டில் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஏறிவிடும். அங்கெல்லாம் காதில் பென்சிலோடு நிற்பவர் டைல்ஸ் மேஸ்திரி. பெயர் வேண்டாம். உங்கள் ஊரிலும் அவர் இருக்கிறார்.

வெறும் சுவரில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மோர்பியிலிருந்து வந்த பன்னிரண்டுக்குப் பதினெட்டு டைல்ஸை ரசமட்டம் பார்த்து, ஸ்பேசர் செருகி, இம்மி பிசகாமல் ஏற்றிக்கொண்டே போவார். சுவரில் பைப் தலைகாட்டும் இடத்தில்தான் வினை.

வால் மிக்சருக்கு இரண்டு வாய். நடுவுக்கு நடு 150 மில்லிமீட்டர், நம் கணக்கில் ஆறு அங்குலம். வட்டமாகத் துளை போடுவதற்கென்றே கோர் பிட் உண்டு. மேஸ்திரியிடமும் இருக்கிறது, பையை விட்டு வெளியே வந்ததில்லை. டேப்பும் அப்படித்தான். பைப்புக்கும் பக்கத்து டைல்ஸுக்கும் நடுவே சாண் வைப்பார். அந்தச் சாணை அப்படியே அந்தரத்தில் தூக்கிக்கொண்டு வாசலில் இருக்கும் கட்டிங் மெஷினுக்கு நடப்பார். வழியில் போன் வரும். அதே கையால் எடுத்துப் பேசிவிட்டு, மறுபடி சாணை விரித்துக்கொண்டு நடையைத் தொடர்வார். அரைமணி நேரப் புழுதிக்குப் பிறகு பிறக்கும் துளை வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. சட்டியில் ஒட்டிப் பிய்ந்த பணியாரம்.

"என்ன மேஸ்திரி, கையே நுழையுதே?"

"கப்பு மூடிடும்ண்ணே."

கப்பு என்பது குழாயின் கழுத்தில் வரும் பளபளப்பான வளையம். பிளம்பர் பாஷையில் பிளாஞ்ச். அழகுக்கென்று வந்த அந்த வளையத்தை நம்பித்தான் மேஸ்திரியின் தொழிலே நடக்கிறது. போல்ட் துளையில் டைல்ஸ் விரிசல் விட்டால், "பேசின் மறைச்சிடும்." மேல் மூலை உடைந்தால், "கண்ணாடி வரும்ல, தெரியாது." தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தமா? "ஏன்ண்ணே தட்டுறீங்க?"

எங்கள் வீட்டுக்குப் பிளம்பர் வந்து, "டைல்ஸ்காரன் பண்ணுன வேலை" என்றார். மேஸ்திரியோ, "அவன் பைப்பை உள்ள தள்ளி வெச்சுட்டான்" என்றார். இதில் மேஸ்திரி பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. பூச்சும் டைல்ஸும் சேர்ந்து எத்தனை கனம் வரும் என்று பைப் புதைக்கும்போது யாரும் பேசுவதில்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் ஒரே பாத்ரூமில் நிறுத்த எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

"ஒழுகாதே மேஸ்திரி?"

"மலைமேல கரும்பு புடிச்சு நிக்கிறாரே, அந்த முருகன் சத்தியமா ஒழுகாது."

குழாய் ஒழுகவில்லை, உண்மைதான். குளிக்கிற தண்ணீர்தான் கப்புக்குப் பின்னால் புகுந்து, படுக்கையறைச் சுவரில் ஈரமாகப் பூத்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தார். ஈரத்துக்குச் சாண் வைத்துப் பார்த்தார்.

"ஒரு காலண்டர் மாட்டுங்கண்ணே, மூடிடும்."

மாட்டினேன். ஈரம் இப்போது அதையும் தாண்டிவிட்டது. பெரிய சைஸ் காலண்டர் எந்தக் கடையில் தருகிறார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.