பழைய புல்லுவெட்டு மிஷின் மீமாம்சை

மேலைநாட்டார் தத்தம் வீட்டுப் புல்தரையில் ஏறி அமர்ந்து ஓட்டுகின்ற சிறு டிராக்டரே யந்திரங்களுள் மிகவும் சுகவாசியானது என்பதிலும், அவற்றுள்ளும் கியர் மாற்றும் தொல்லையின்றி எண்ணெயின் அழுத்தத்தாலேயே சக்கரங்களைச் சுழலச் செய்யும் ஹைட்ரோஸ்டாடிக் வகையே உத்தமம் என்பதிலும் எமக்கு அபிப்பிராய பேதம் இல்லை. ஆயினும் பாறசாலைக்கு வடகிழக்கே வெள்ளறடை, பனச்சமூடு ஆகிய கேரள-தமிழக எல்லையூர்களில், சரிவுதோறும் தட்டு வெட்டி ரப்பர் வைத்திருக்கும் விளைகளுள் அவ்வாகனத்தை இறக்கினால், முதற் சுற்றிலேயே அது பால் சிரட்டைகளை உருட்டிக்கொண்டு அடுத்த விளைக்காரனுடைய எல்லைக்குள் பிரவேசித்துவிடும். எனவே, அதன் ஏழைத் தாயாதியாய், மனிதன் தோளில் தானே ஏறிச் சவாரி செய்கின்ற புல்லுவெட்டு மிஷினே, அதிலும் பிறர் ஆண்டு அனுபவித்துக் கைமாற்றிய பழைய மிஷினே, இவ்வாராய்ச்சிக்குப் பொருளாயிற்று.

இதன் வம்சாவளி சுருக்கமானது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், நெசவாலையில் கம்பளித் துணியின் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் கருவியைக் கண்டு, அதே வித்தையைப் புல்லின்மேல் பிரயோகித்து 1830இல் காப்புரிமை பெற்றார். 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் பாலஸ், கார் கழுவும் நிலையத்தில் சுழன்ற தூரிகைகளைப் பார்த்து, தகர டப்பாவில் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றிப் புல்லறுத்தார். இருவரும் இடவப்பாதியும் துலா மழையும் பெய்து, ஆண்டில் இருமுறை கம்யூனிஸ்ட் பச்சையும் தொட்டாவாடியும் இடுப்பளவு எழும்பி நிற்கும் பூமியைக் கண்டவர்கள் அல்லர்.

இனி வாங்கும் முறை. விற்பவர் பெரும்பாலும் களியக்காவிளைக்கு அப்பால் விளவங்கோட்டுக்காரராய் இருப்பார். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும், நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றதும் மனிதர்களைப் பிரித்தனவேயன்றி, பதிவெண் ஏதுமில்லாத இந்த யந்திரத்துக்கு இரண்டு கரையும் ஒன்றுதான். “கண்டிஷன் கொள்ளாம் மக்கா, ஒரேயொரு விளைதான் வெட்டியிருக்கு” என்று அவர் திருவாய் மலர்வது ஆப்தவாக்கியம் என்னும் பிரமாணம். அந்த ஒரு விளையின் பரப்பை அவர் சொல்வதில்லை, கேட்பதும் மரியாதையன்று.

அடுத்தது அனுமானம். மலையில் புகை கண்டு நெருப்பை ஊகிப்பது தர்க்க சாஸ்திரத்தில் பால பாடம். பழைய மிஷினிலோ புகை இல்லாமையைக் கண்டுதான் நெருப்புக்கு அஞ்சவேண்டும். இம்மிஷினின் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றுகின்ற எண்ணெயே பிஸ்டனுக்கு அபயம். 25க்கு 1 என்ற கணக்கானால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்பதை மிஷின் செய்தவன்தான் விதிக்க வேண்டும். முந்தைய உடையவர் சிக்கன சீலராய் இருந்து அந்த 40ஐப் பத்தாக்கியிருந்தால், புகையின்றி ஜோராக ஓடிய மிஷின் ஒருநாள் நடுவிளையில் பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். ஆதலின் லேசான நீலப் புகையோடு இருமுகின்ற மிஷினையே யாம் சிலாகிக்கிறோம். பிளக்கைக் கழற்றி அதன் முனை இளம் பழுப்பாய் இருந்தால் திருப்தியும், வெளுத்திருந்தால் சந்தேகமும் கொள்க.

எல்லாவற்றிலும் பலமுடையது பிரத்தியட்சம். ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைக் கையில் பற்றி, அணைந்து ஆறிய மிஷினை அந்தரத்தில் தொங்கவிட்டால், கம்ப்ரஷன் உள்ளது தயங்கித் தயங்கி இறங்கும். இல்லாதது சரேலென்று காலில் விழும். பிறகு சைலன்சரை அவிழ்த்து, உள்ளே டார்ச் வெளிச்சம் அடித்துப் பார்க்கவேண்டும். பிஸ்டன் பளபளத்தால் முன்னவர் உத்தமர். மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடியிருந்தால், அவர் மிச்சம் பிடித்த எண்ணெய்க்காசு அத்தனையும் அங்கே லிகிதமாகியிருக்கிறது. விற்பவர் முன்னிலையில் இதைச் செய்வது அவருக்கு மனத்தாங்கலை உண்டாக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. அவரை டீ வாங்க அனுப்பிவிட்டுச் செய்யலாம்.

பராமரிப்பில் முதலாவது பெட்ரோல். கேரளம் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி சேர்த்தமையால், பாறசாலைக்காரர் கேனோடு களியக்காவிளைக்குப் போவது சம்பிரதாயமாகிவிட்டது. அத்தமிழ்நாட்டுப் பெட்ரோலும் நெய்யாற்றின்கரைக் கடையில் வாங்கிய எண்ணெயும் ஒரே கேனில் கூடுகையில், 1956இன் வழக்கு ஒருவாறு சமரசமாகிறது. ஆனால் எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் குணமுடையது; வாரக்கணக்கில் டாங்கில் கிடந்தால் கார்புரேட்டருக்குள் பிசினாகும், அதிலுள்ள மெல்லிய ரப்பர்த் தகடும் விறைத்துப்போகும். ஆகவே துலா மழைப் புல்லையும் வெட்டி முடித்தபின் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு மூலையில் சாத்துக. ஏர் ஃபில்ட்டரைச் சோப்பு நீரில் கழுவுவதும், பிளேடு சுழலும் கியர்த் தலைக்குக் கிரீஸ் வைப்பதும் யாவரும் அறிந்தவை, யாரும் செய்யாதவை.

எஞ்சியது இரவல். “அண்ணா, ஒரு நேரத்துக்கு மிஷினைத் தாரும், பெட்ரோல் நான் ஊத்திக்கிடுதேன்” என்று அயலார் கேட்கையில், மிஷினைக் கொடுக்கலாம். பெட்ரோல் ஊற்றும் உரிமையைக் கொடுக்கலாகாது. கலந்த கேனையும் கூடவே அனுப்புவதே முறை. அப்படியிருந்தும் திரும்பிவரும் டாங்கில் கலவை இன்னதென்று அறியாத பெட்ரோல் மிஞ்சியிருக்குமாயின், அதை மிஷினுக்குக் காட்டாமல் ஸ்கூட்டரில் ஊற்றிவிடுக. டாங்கில் ஏற்கெனவே நிறையப் பெட்ரோல் உள்ள ஸ்கூட்டர், சிறிது புகைந்தாலும், அதைப் பொறுத்துக்கொள்ளும்.