விலை பார்த்தசாரதி

கடைக்குள் நுழையும்போதே இடது கையில் கையுறை மாட்டியிருப்பார். வாங்க வருகிறவர்கள் பர்ஸோடு வருவார்கள். பார்த்தசாரதி அடித்துப் பார்க்க வருகிறவர். அதனால் முழுத் தயாரிப்போடு வருவார்: கையுறை, ஷூ, தோளில் துண்டு. வலது கையில் போன், சார்ஜ் நூறு சதவீதம்.

உங்கள் ஊரில் அவருக்கு வேறு பெயர் இருக்கலாம். அவர் புரட்டுவது பட்டுப் புடவையாக இருக்கலாம், மிக்ஸியாகவோ ஷூவாகவோ இருக்கலாம். எங்கள் பார்த்தசாரதி கோல்ஃப் பிரிவு. வங்கியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பெயருக்கு முன்னால் ‘விலை’ சேர்த்தது நாங்கள். அது அவருக்கும் தெரியும், பட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில் பாய் கடை. முன்பக்கம் கேரம் போர்டு, கிரிக்கெட் பந்து, பள்ளி விளையாட்டு விழாக் கோப்பைகள். பின்பக்கம் கோல்ஃப்: ஒரு வலை, செயற்கைப் புல் விரிப்பு, சுவரில் வரிசையாக மட்டைகள். பார்த்தசாரதி கேரம் போர்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பின்பக்கம் போவார்.

“பாய், அந்தப் புது டிரைவர் வந்திருக்காமே?”

பாய் எடுத்துக் கொடுப்பார். டிரைவர் என்பது செட்டிலேயே நீளமான மட்டை. தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி, எல்லாக் கம்பெனியும் அந்த எல்லையை ஒட்டியே செய்கின்றன. பார்த்தசாரதி அதை வாங்கி, கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி, கம்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். கம்பு நேராகத்தான் இருக்கும். பிறகு அடிப்பார். பந்து வலையில் மோதும். “சத்தம் சரியில்ல” என்பார். அடுத்ததை எடுப்பார்.

இப்படி ஒன்பது டிகிரி, பத்தரை டிகிரி, பன்னிரண்டு டிகிரி என்று முகச் சரிவு மூன்றிலும் அடித்து முடித்ததும், “அளவு ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்பார். போன மாதம் பார்த்த அளவுதான். அறுபத்திரண்டு வயதுக்கு மேல் யாரும் வளர்வதில்லை என்று பாயும் சொல்லமாட்டார். டேப் எடுத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளப்பார். மட்டையின் நீளத்தை முடிவுசெய்ய உயரம் மட்டும் போதாது, கை எவ்வளவு தூரம் தொங்குகிறது என்பதும் தெரிய வேண்டும். பிறகு அயர்ன் மட்டையின் அடியில் ஒரு டேப் ஒட்டி, பலகையின்மேல் வைத்த பந்தை அடிக்கச் சொல்வார். டேப்பில் விழும் தேய்மானம் மட்டையின் குதிகால் பக்கம் இருந்தால் பந்து இடப்பக்கம் இழுக்கும், மூக்குப் பக்கம் இருந்தால் வலப்பக்கம் நழுவும். பார்த்தசாரதிக்கு எப்போதும் குதிகால் பக்கம்தான் விழும். பாய் குனிந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “உங்களுக்கு இந்தக் கோணம் ரெண்டு டிகிரி தட்டையா இருக்கணும் சார்” என்பார்.

இரண்டு டிகிரி. பார்த்தசாரதி போனில் குறித்துக்கொள்வார்.

“ஷாஃப்ட் எது பாய்?”

“உங்க வீச்சு வேகத்துக்கு சீனியர் போட்டா நல்லாப் பறக்கும்.”

சீனியர் என்றதும் முகம் ஒரு கணம் சுருங்கும். அதையும் குறித்துக்கொள்வார். பிடியின் தடிமன், கையுறை அளவு, எந்தப் பந்து மென்மை, எது முரட்டு ரகம் எல்லாம் கேட்பார். பாய் முப்பது வருஷத்துத் தொழிலை ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிப்பார். நடுவில் டீ வரும், பாய் செலவில். பிஸ்கட்டும் வரும். கடைசியாக, யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்க்க, போனை உயர்த்தி மட்டையின் ஸ்டிக்கரைப் படம் எடுப்பார். பார்கோடு தெளிவாக விழவில்லை என்றால் பாய் கடைப் பையனையே கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொல்வார்.

பிறகு அந்த வாக்கியம்: “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் பாய்.”

வீட்டில் அந்த அம்மாளுக்கு கோல்ஃப் பற்றித் தெரிந்தது, மனிதர் காலை ஐந்தரைக்குக் கிளம்பி பத்து மணிக்கு வெயிலில் கறுத்துப்போய் வருவார் என்பது மட்டும்தான். பத்தரை டிகிரியா பன்னிரண்டா என்று அவரை யாரும் கேட்டதில்லை. பார்த்தசாரதி ‘வீட்ல’ கேட்பது சந்து முனை வரைக்கும்தான். அங்கே வேப்பமரத்து நிழலில் நின்று மூன்று தளங்களில் தேடி, வங்கி அட்டைத் தள்ளுபடி, பண்டிகைத் தள்ளுபடி, பழைய கூப்பன் எல்லாம் சேர்த்துக் கழித்து ஆர்டர் போட்டுவிடுவார். இருபது அடி தூரத்தில் பாய் கடைப் பலகை தெரியும்.

மறுநாள் காலை நந்தனம் மைதானத்தில் முதல் குழிக்குப் போவதற்குள் சேதி எங்களுக்கு வந்துவிடும். “பாய் சொன்ன விலையைவிட நாலாயிரத்து இருநூறு கம்மி!” வாங்கிய மட்டை எவ்வளவு தூரம் அடிக்கும் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. எவ்வளவு கம்மி என்பதுதான் ஆட்டம். மைதானத்தில் எல்லோரிடமும் தோற்கிற மனிதருக்கு இந்த ஒரு கோப்பையாவது இருக்கட்டும் என்று நாங்களும் விட்டுவிடுவோம்.

பார்சல் வந்த பிறகுதான் கதை களைகட்டும்.

முதலில் வந்தது கையுறை. வலது கை ஆட்டக்காரர் இடது கையில்தான் கையுறை போடுவார். அட்டையில் ‘இடது’ என்று இருந்தால் இடது கையில் போடுவது என்று அர்த்தம். மட்டையில் ‘இடது’ என்று இருந்தால் இடது கை ஆட்டக்காரருக்கு என்று அர்த்தம். கடையில் இதை யாரும் யோசிப்பதில்லை. பாய் எடுத்துக் கொடுப்பார், மாட்டுவோம். பார்த்தசாரதி யோசித்தார். ‘நான் வலது கைக்காரன்’ என்று வலதை அழுத்தினார். மூன்று கையுறைகள், மூன்றும் வலது கைக்கு. ஒன்றின் விலையில் மூன்று என்ற சலுகை அது, திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இன்று வரை ஸ்கூட்டர் ஓட்டும்போது வலது கையில் மட்டும் வெள்ளைத் தோல் கையுறையோடு போகிறார்.

அடுத்து டிரைவர். ஷாஃப்ட் எது என்று கேட்ட பெட்டியில் சீனியர், ரெகுலர், ஸ்டிஃப் மூன்றும் இருந்திருக்கின்றன. பாய் சொன்னது போனில் இருக்கிறது. ஆனால் தனியாக இருக்கும்போது மனிதன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதே வேறு. ஸ்டிஃப் வந்து சேர்ந்தது. அந்தக் கம்பை வளைக்க இருபத்தைந்து வயதுத் தோள் வேண்டும். பந்து தாழப் பறந்து வலப்பக்க மரங்களுக்குள் போய் உட்கார்ந்தது. போதாக்குறைக்கு, நாலாயிரத்து இருநூறு கம்மி என்றால் ஏன் கம்மி என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காந்தத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து டிரைவர் தலையில் வைத்தார். டைட்டானியத்தில் காந்தம் ஒட்டாது. அவருடைய மட்டையில் வேங்கடாசலபதி படத்தோடு அப்படியே பிடித்துக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் பாய் கடைச் சந்தில் மூன்று மாதம் நடமாடமாட்டார்கள். பார்த்தசாரதி மறுநாளே போனார், அந்த மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

“பாய், யாரோ கிஃப்ட் குடுத்தாங்க. உங்களால ஏதாவது பண்ண முடியுமா?”

ஒரு மாதம் முன்னால் தன் கடையில் படம் பிடித்த மட்டையின் போலி உடன்பிறப்பை பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் கழற்ற முடியாது, கம்பை வேண்டுமானால் அரை அங்குலம் வெட்டலாம், வெட்டினால் தலை எடை குறைந்த மாதிரித் தெரியும், அதைச் சரிக்கட்ட ஈயப் பட்டை ஒட்ட வேண்டும், பழைய பிடியை அறுத்தெடுத்துப் புதுசு மாட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கூலி அறுநூறு என்றார்.

“அறுநூறா? ஆன்லைன்ல ரெண்டு கிரிப்பே அந்த விலைதான் பாய்!”

பாய் நானூறுக்கு இறங்கினார். அதையும் பார்த்தசாரதி எங்களிடம் கோப்பையாகத் தூக்கிக் காட்டினார்.

மற்றக் குணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீரில் விழுந்து மீட்டெடுத்த பந்துகளுக்கு மறுபடி வெள்ளையடித்துப் புதுசு மாதிரி விற்பார்கள். அதை டஜன் டஜனாக வாங்கி, அதே குளத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். பையில் 14 மட்டைக்கு மேல் வைத்து ஆடினால் அபராதம்: மீறிய குழிக்கு இரண்டு அடி, ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு. அவரிடம் பத்தொன்பது இருக்கின்றன, சலுகையில் வந்தவை. போட்டி நாளில் எந்த ஐந்தை வீட்டில் விட்டுவருவது என்று கல்யாண மண்டபத்தில் சம்பந்தியைக் கழித்துவிட முடியாத பெண் வீட்டார் மாதிரித் திண்டாடுவார்.

சரி, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2001 ஏப்ரலில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் விலகும்வரை வெளிநாட்டு மட்டை என்றால் கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனன் வேண்டும், இல்லாவிட்டால் தூதரகத்தில் யாராவது ஊர் மாறிப் போக வேண்டும். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கர் ஒட்டி, நாலு வருஷத்துப் பழைய சரக்கை ‘நேத்துதான் சார் வந்துச்சு’ என்று விற்றிருக்கிறார்கள். “வேற எங்க போயிடுவீங்க?” என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. பார்த்தசாரதி வாலிபத்தில் அப்படி ஏமாந்த கூட்டத்தில் ஒருவர். இப்போது பத்துக் கடை விலையும் உள்ளங்கையில் தெரிகிறபோது மனிதர் கொஞ்சம் ஆடத்தான் செய்வார். கஞ்சன் என்று சொல்லவும் முடியாது. அவருக்குப் பை தூக்கும் பையன்களுக்கு எங்கள் எல்லோரையும்விடத் தாராளமாகக் கொடுப்பவர் அவர்தான். நமக்கு முழங்கால் பட்டை வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நான்கு ரகமும் ஒப்பிட்டு அட்டவணை அனுப்புவார். நம் காசில் இருபது ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுப்பதிலும் அவருக்கு அதே சந்தோஷம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், சிரிக்காமல்.

ஆன்லைனில் நாலாயிரத்து இருநூறு கம்மியாக விற்க முடிவதற்கு ஒரு காரணம், அவர்களுக்கு வலை வேண்டாம், புல் விரிப்பு வேண்டாம், அடித்துப் பார்த்துக் கீறல் விழுந்த மாதிரி மட்டைகள் வேண்டாம், குனிந்து டேப்பைப் பார்க்கும் ஒரு கிழவர் வேண்டாம். அதெல்லாம் பாயின் வாடகையில் நடக்கிறது. பார்த்தசாரதி மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் பணத்தில் பாதி பாயின் பையிலிருந்து எடுத்தது. பந்து, பந்தைத் தாங்கும் டீ, குடை, துண்டு ஆகியவற்றை எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள். ஒரு தயக்கமும் வேண்டாம். உடம்புக்கு அளந்து பார்க்க வேண்டிய சாமானை ஒருவர் அளந்து கொடுத்தால், அதற்குக் கூலி உண்டு. இரண்டு டிகிரி என்பது இலவச டீயோடு வருகிற பிஸ்கட் இல்லை.

பாய் கடை போனால் பார்த்தசாரதிக்கு ஒன்றும் ஆகாது. மைதானத்தில் பை தூக்குகிற பையன்களுக்குத்தான் ஆகும். பெங்களூரில் பை தூக்கிய சி. முனியப்பா 2009இல் இந்திய ஓபன் பட்டத்தையே ஜெயித்தார். அந்த வழியில் போக ஆசைப்படுகிற பையனிடம் கிரெடிட் கார்டு இல்லை, கூப்பன் இல்லை. அவனுக்கு ஒற்றை ஏழாம் நம்பர் அயர்ன், அதுவும் பழையது, மாதம் ஐந்நூறாகக் கழிக்கிற மாதிரி வேண்டும். அது எந்தப் போனிலும் வராது. பாயின் நீல நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்த நோட்டில் பார்த்தசாரதியின் பெயரைத் தேடினால் கிடைக்காது. அவர் அங்கே எதையும் வாங்கியதே இல்லையே!

போன மாதம் பாய் வலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார். ‘அடித்துப் பார்க்க, அளவெடுக்க ரூ. 500. இங்கே வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்ளப்படும்.’ நியாயமான பலகை. எங்களில் பலர் கொடுத்துவிட்டு அளந்துகொண்டோம். பார்த்தசாரதி பலகையை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஒரு வாரம் ஆளைக் காணோம். நேற்று ராத்திரி போன் வந்தது, குரலில் பழைய உற்சாகம்.

“சார், பெங்களூர்ல ஒரு கடை பிடிச்சிருக்கேன். இன்னும் சும்மாவே அடிக்க விடறான். காபிகூட உண்டாம். சனிக்கிழமை விடிகாலை வண்டிய எடுக்கறேன், முந்நூத்தம்பது கிலோமீட்டர்தான், வந்துடுங்க. பெட்ரோல் என்னோடது. டோல் மட்டும் நீங்க பாத்துக்கங்க.”