மூன்றாம் பிரதி

புதுச்சேரியின் பழைய குடும்பங்களில் இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழ் என்று யாரும் சொல்வதில்லை. "எத்தா சிவில் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பாரிஸிலோ மர்சேயிலோ சொந்தக்காரர் இருக்கும் வீடு என்றால் கேள்வி இன்னும் அழுத்தமாக வரும். தாத்தாவின் பிறப்பும் பாட்டியின் திருமணமும் காகிதத்தில் பொருந்தி வந்தால்தான் பேரனின் பிரெஞ்சுக் குடியுரிமை பற்றிப் பேசவே முடியும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வக்கீல், கோர்ட் என்று அலைய வேண்டும்.

என் பெரியப்பா அந்தப் பதிவேடுகளை எழுதியவர். பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் ஒரு கொம்யூன் (நகராட்சி) அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆட்சி மாறியபோதும் நாற்காலி மாறவில்லை. அங்கேயே ஓய்வு பெற்றார். நான் டேட்டா இன்டெக்ரேஷன் வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அப்படி என்னடா வேலை அது?"

"ஊர் ஊரா இருக்கிற கிளைங்களோட கணக்கை எடுத்து, ஒழுங்கு பண்ணி, ஒரே இடத்துல சேக்கிறது பெரியப்பா."

"ரெண்டு பிரதி போடுவீங்களா?"

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். இந்தத் தொழிலில் யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

அவர் எழுதிய முறையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1804-இல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டம் பதிவேட்டை இரண்டு மூலப் பிரதிகளாக எழுதச் சொன்னது. எழுதத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு நீதிபதி சுருக்கொப்பம் இட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு தாளை உருவவும் முடியாது, செருகவும் முடியாது. வரிகளுக்கு நடுவே வெற்றிடம் விடக்கூடாது. சொற்களைச் சுருக்கக்கூடாது. தேதியை எண்ணால் எழுதக்கூடாது, எழுத்தால்தான் எழுத வேண்டும். அடித்துத் திருத்தினால் ஓரத்தில் குறித்து, எல்லோரும் மறுபடி கையெழுத்திட வேண்டும். ஆண்டு முடிந்ததும் அதிகாரி கடைசிப் பதிவுக்குக் கீழே கையெழுத்திட்டுப் பதிவேட்டை மூடுவார். ஒரு பிரதி கொம்யூனில் இருக்கும், மற்றது கோர்ட்டின் ஆவண அறைக்குப் போகும். பிறகு அந்தப் பிள்ளைக்குத் திருமணம் ஆனால், அதை இரண்டு பிரதிகளின் ஓரத்திலும் தேடிப்போய்க் குறிக்க வேண்டும்.

"மூடுறதுன்னா அழிக்கிறது இல்லடா," என்பார் பெரியப்பா. "இனிமே இதுல எழுத முடியாது, அவ்வளவுதான். படிக்க வர்றவன் எப்ப வேணாலும் வருவான்."

இரண்டு பிரதி ஏன் என்பது எனக்குப் புரிந்தது. மூன்றாவதாக ஒன்று இருந்த கதை பிறகுதான் தெரிய வந்தது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியேற்றப் பகுதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், நொத்தேர் (நோட்டரி) பத்திரங்கள், கோர்ட் தீர்ப்புகள் எல்லாவற்றுக்கும் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும் என்றது அந்த ஆணை. வெயில், ஈரம், பூச்சி, போர் என்று காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. புதுச்சேரியைக் கேட்டால் போரைத்தான் முதலில் சொல்லும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். திருப்பிக் கொடுத்தார்கள்; ஆணை வந்த இரண்டே ஆண்டில், 1778-இல், மறுபடி பிடித்தார்கள். 1793-இல் இன்னொரு முறை. கடைசியாக ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்கு நிலையாகத் திரும்பியது நெப்போலியன் வீழ்ந்த பிறகுதான். இத்தனை கைமாறிய ஊரில் ஒரு குழந்தை பிறந்த தேதி பத்திரமாக இருக்க வேண்டுமானால், அது அந்த ஊருக்கு வெளியே இன்னோர் இடத்திலும் இருந்தாக வேண்டும்.

அந்த மூன்றாம் பிரதிகள் இப்போது தென் பிரான்ஸில், ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் 1966-இல் தொடங்கிய கடல்கடந்த பகுதிகளின் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பழைய பதிவுகளைப் படமெடுத்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். முத்தியால்பேட்டையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவைச் செல்போனில் விரித்துப் பார்க்க முடிகிறது. 2014 நவம்பர் 29 அன்று, மழையில் ஊறிய எங்கள் மெய்ரி, அதாவது நகராட்சிக் கட்டடம், கடற்கரைச் சாலையில் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். பழைய அச்சிலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிடலாம், பதிவேட்டை அப்படிக் கட்ட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் தொழிலில் இரண்டு சொற்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்: டிஸ்கனெக்ட், டெலிட். ஒன்று இணைப்பைத் துண்டிப்பது, மற்றது உள்ளதை அழிப்பது. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதைப் புதுச்சேரியின் வரலாற்றைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டவில்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. அது துண்டிப்பு. 1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். தாமதத்துக்குக் காரணம் பதிவேடுகள் அல்ல. அல்ஜீரியப் போர்க்காலத்தின் பிரெஞ்சு அரசியல். ஆனாலும் கிடைத்த அவகாசம் பயன்பட்டது. எந்தத் தாள் யாருக்கு என்பதை ஒப்பந்தமே சொல்லிவிட்டது: வரலாற்று மதிப்புள்ளவை பிரான்ஸிடம், அன்றாட நிர்வாகத்துக்கு வேண்டியவை இந்தியாவிடம். குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஆறு மாதம் தரப்பட்டது. அந்த ஆறு மாதமும் பெரியப்பா பகலெல்லாம் நகல் எழுதினார். வாசலில் வரிசை நின்றது. வந்தவர் கேட்ட ஆண்டின் பதிவேட்டை எடுத்துக்கொடுக்க முடிந்தது. அதைத்தான் அவர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் காலத்துக்கு வருகிறேன். நான் வேலை கற்றது கெட்டில் என்ற மென்பொருளில். பெல்ஜியத்துக்காரர் மாட் காஸ்டர்ஸ் எழுதியது. 2005 டிசம்பரில் ஓப்பன் சோர்ஸ் ஆனது, மறு ஆண்டே பென்டஹோவோடு சேர்ந்தது. திரையில் வரைந்து வேலை செய்யும் செயலிக்கு ஸ்பூன் என்று பெயர். இரவில் ஜாப்களை ஓட்டுவது கிச்சன். நாங்கள் எழுதும் டிரான்ஸ்ஃபர்மேஷன்கள், ஜாப்கள், இணைப்பு விவரங்கள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் ரெபாசிட்டரியாகச் சேரும். ஆர்_ஜாப், ஆர்_ஸ்டெப், ஆர்_டேட்டாபேஸ் என்று ஆர் எழுத்தில் தொடங்கும் டேபிள்கள். ஒரு நிறுவனத்தின் கணக்கு எந்த வழியாக எங்கே போகிறது என்ற அறிவு முழுவதும் அந்த டேபிள்களில்தான் இருந்தது. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள்.

இந்த ரெபாசிட்டரியை விட்டு விலக ஸ்பூனில் மூன்று வழிகள் இருந்தன. டிஸ்கனெக்ட் கொடுத்தால் அன்றைய அமர்வு முடியும், வேறொன்றும் ஆகாது. பட்டியலிலிருந்து ரெபாசிட்டரியின் பெயரை நீக்கினால், நம் கணினியின் கெட்டில் ஃபோல்டரில் உள்ள ரெபாசிட்டரீஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்த முகவரி மட்டும் போகும். தரவுத்தளம் அப்படியே இருக்கும். மூன்றாவது, ரெபாசிட்டரியின் விவரங்களைத் திருத்தும் ஜன்னலில் இருந்த ரிமூவ் பொத்தான். அது ஆர் டேபிள்கள் அத்தனையையும் டிராப் செய்துவிடும், அதாவது அடியோடு அழித்துவிடும். முகவரியை நீக்குவதும் வீட்டை இடிப்பதும் அடுத்தடுத்த ஜன்னல்களில் கிடந்தன.

அது நடந்தும் விட்டது. வெளியூர் வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகம். பழைய சர்வருக்கு ஓய்வு கொடுக்கும் நேரம், பட்டியலில் ஒரே மாதிரி பெயரில் இரண்டு ரெபாசிட்டரிகள். பழைய பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்த ஒருவர் திருத்தும் ஜன்னலுக்குள் போய் ரிமூவ் அழுத்தினார். உறுதியா என்று கேட்டது, அட்மின் கடவுச்சொல் கேட்டது. முதல் நாளிலிருந்து மாற்றாத கடவுச்சொல், எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொடுத்தார். அன்றிரவு ஒரு ஜாப்கூட ஓடவில்லை. காலையில் போன் வந்தது.

காப்பாற்றியது அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண். மாதம் தவறாமல் முழு ரெபாசிட்டரியையும் எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து தன் மெஷினில் வைத்திருந்தாள். யாரும் சொல்லாமலே செய்துவந்த வேலை. ஜாப்கள் திரும்பி வந்தன. பயனர் கணக்குகளும் அனுமதிகளும் வரவில்லை. அந்த எக்ஸ்போர்ட்டில் அவை சேர்வதில்லை. கடைசி எக்ஸ்போர்ட்டுக்குப் பிறகு எழுதியவையும் போனது போனதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் ஏத்தினாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து நான் எங்கே வேலை செய்தாலும் ஓர் ஒழுங்கை விடுவதில்லை. எக்ஸ்எம்எல் எக்ஸ்போர்ட் தனியாக, தரவுத்தளத்தின் டம்ப், அதாவது முழு நகல், தனியாக. ஒன்றில் விடுபடுவது மற்றதில் இருக்கும். அந்த எக்ஸ்எம்எல் கோப்பைக் கண்ட இடத்தில் போட்டுவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் தரவுத்தளக் கடவுச்சொற்கள் பூட்டியதுபோல் தோன்றும், தெரிந்தவர் சுலபமாக அவிழ்த்துவிடுவார். எடுத்த பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, ஸ்பூனில் திறந்து, ஒரு ஜாப்பையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை. பிறகு சர்வர்களில் எந்த வேலை எப்போது ஓடும் என்று சொல்லும் கிரான் பட்டியல்களில் கிச்சன் எந்த ரெபாசிட்டரியின் பெயரைச் சொல்லி அழைக்கிறது என்று ஒவ்வொரு வரியாகத் தேட வேண்டும். இன்ஃபர்மாட்டிகா என்ற வேறொரு மென்பொருளில் இந்த எச்சரிக்கையைக் கருவியே ஓரளவு வற்புறுத்தும்: சர்வீஸை எக்ஸ்க்ளூசிவ் மோடுக்கு மாற்றினால்தான் உள்ளடக்கத்தை அழிக்க விடும், அதாவது வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது. அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு துண்டிக்கலாம். துண்டித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதில்தான் இளையவர்களோடு எனக்கு வாக்குவாதம். ஒரு வாரம் போதும் என்பார்கள். தினமும் ஓடும் ஜாப் ஒரு வாரத்தில் சத்தம் போட்டுவிடும், உண்மைதான். மாதக் கடைசியில் ஓடுவது? மார்ச் 31-க்காக மட்டும் எழுதிவைத்தது? ஆண்டுக்கு ஒருமுறை விழிக்கும் ஜாப் ஒன்று எல்லா நிறுவனத்திலும் இருக்கிறது. அதை எழுதியவர்தான் இருக்கமாட்டார். ஒரு நிதியாண்டு முழுதாகக் கடக்காமல் டிராப் செய்ய நான் சம்மதிப்பதில்லை.

இப்போது நாங்கள் இருப்பது அப்பாச்சி ஹாப் என்ற மென்பொருளில். கெட்டிலிலிருந்து பிரிந்து வளர்ந்தது. அதில் அந்த ரெபாசிட்டரி டேபிள்களே கிடையாது. எல்லாம் சாதாரணக் கோப்புகள், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளில் வைக்கிறோம். ஒவ்வொருவர் மெஷினிலும் முழுப் பிரதி, யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார் என்ற குறிப்போடு. மாற்றியவரின் பெயர் இல்லாமல் ஒரு திருத்தமும் உள்ளே போவதில்லை. இருபது ஆண்டு சுற்றிவந்து, பெரியப்பா எழுதிய முறைக்கே நாங்கள் வந்திருக்கிறோம் என்று சொன்னால் அது மிகையில்லை. அவர் இதைப் பார்க்க இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பழைய கெட்டில் ரெபாசிட்டரி இன்னும் அழிக்கப்படவில்லை. எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, படிக்க மட்டும் விட்டிருக்கிறோம். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் வந்து நின்றாள்.

"சார், அந்தப் பழைய டேபிளெல்லாம் எப்ப டிராப் பண்ணலாம்?"

"மார்ச் முடியட்டும்மா. ஏப்ரல்ல டம்பை உன் மெஷின்ல ரெஸ்டோர் பண்ணி, வருஷக் கடைசி ஜாபை ஓட்டிக் காட்டு. கணக்கு பொருந்தினா நீயே டிராப் பண்ணு. டம்ப் ஒரு பிரதி இங்க, ஒரு பிரதி சென்னை ஆபீஸ்ல."

"மூணாவது வேணுமா சார்?"

"வேணும். எங்கே வைக்கலாம்னு நீயே சொல்லு."