உள்ளங்காலையும் கொஞ்சம் பாருங்கள்!

கேள்வி (கரமனை வாசகர்): தோலில் வரும் மெலனோமா புற்றுநோய் முற்றிவிட்டால், நோயாளியின் செல்லையே மருந்தாக ஏற்றுகிறார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். கட்டியை எதிர்க்கப் போன டி செல் என்ற வெள்ளணுக்கள் கட்டிக்குள்ளேயே இருக்கும்; ஆனால் எண்ணிக்கை போதாது, களைத்தும் போயிருக்கும். கட்டியில் ஒரு துண்டை வெட்டி, அந்தச் செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் சுமார் மூன்று வாரம் வளர்த்து, 750 கோடிக்குக் குறையாமல் அவருக்கே ஏற்றுவார்கள். கோடி என்றது செல்லை. ரூபாய்க் கணக்கு பின்னால் வருகிறது. அமெரிக்காவில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழு முதல் முடிவுகளை வெளியிட்டது 1988-ல். அங்கே அரசு அனுமதி கிடைத்தது 2024 பிப்ரவரியில். நம்ம ஊர் ஃபைல்தான் மெதுவாக நகரும் என்று இனிச் சொல்லாதீர்கள்.

கேள்வி (தம்பானூர் வாசகர்): செல் ஏற்றுவதற்கு முன்னால் கீமோ எதற்கு?

பதில்: ஏறுகிறவருக்கு சீட் வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவர் இறங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்! பழைய வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டுத்தான் புதியவற்றை ஏற்றுவார்கள். பிறகு அவற்றுக்குத் தெம்பூட்ட இன்டர்லூகின்-2. காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் கூடவே வரலாம். அதனால் இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று பார்த்த பிறகே தொடங்குவார்கள்.

கேள்வி (சாலை பஜார் வாசகர்): பலன் எவ்வளவு, விலை எவ்வளவு? வியாபாரி நான், சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

பதில்: சோதனையில், வேறு மருந்துகள் கைவிட்ட 73 பேரில் 31.5 சதவீதம் பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. 2024-ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் மருந்தின் விலை 5,15,000 டாலர். நம் காசில் நாலு கோடிக்கு மேல். ஆஸ்பத்திரிச் செலவு தனி. ஒருவருக்குத் தயாரித்தது இன்னொருவருக்கு உதவாது. ஆகவே மொத்த விலை, சில்லறை விலை என்ற பேச்சே கிடையாது.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு வந்தால் கிடைக்குமா அண்ணா?

பதில்: 1981-லிருந்து மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஊர்க்காரர்கள் வழி கேட்க வேண்டியதே இல்லை, தங்கச்சி. ஆனால் இந்த மருந்து இந்தியச் சந்தைக்கே வரவில்லை. நம்மிடம் இருப்பது ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 போன்ற வேறு செல் மருந்துதான். நெக்ஸ்கார்19-க்கு 2023-ல் அனுமதி, விலை அமெரிக்காவில் உள்ளதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அது சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும். முற்றிய மெலனோமாவுக்கு டாக்டர்கள் முதலில் யோசிப்பது, டி செல்லுக்கு உள்ள தடையை நீக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளை. அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (வலியசாலை வாசகர்): நம் நிறத்துக்கு மெலனோமா வராதே?

பதில்: அபூர்வம்தான், வராது என்றில்லை. நம்மவர்களுக்கு வெயில் அவ்வளவாகப் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலும் வரும். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது கால்விரல் நகத்தடியில். 1981-ல், 36 வயதில் இறந்தார். படர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளி, நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு, ஆறாத புண் இவற்றைப் பார்த்தால் 'முள் குத்தினதுதான்' என்று தேங்காயெண்ணெய் தடவிக் காத்திருக்காதீர்கள். கத்தி பட்டால் பரவும் என்பதும் கட்டுக்கதை. ஆரம்பத்திலேயே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் நாலு கோடிக் கணக்குக்கு வேலையே இல்லை.

கேள்வி (கிழக்கேகோட்டை வாசகர்): இம்யூன் செல்லைப் பெருக்கும் கஷாயம் என்று ஒருவர் விற்கிறாரே?

பதில்: எந்தச் செல், எத்தனை பெருகும், எங்கே சோதித்தீர்கள் என்று கேளுங்கள். அசராமல் பதில் சொல்வார். ஜி.எஸ்.டி. ரசீது கேளுங்கள், அப்போதுதான் திணறுவார்.