பிரட்டுக்களத்தில் லினக்ஸ்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று பழகியவர்களுக்கு லினக்ஸின் 'டாப்' நிரலை விளக்கவே வேண்டாம். யார் வேலையில், யார் தூக்கத்தில், யார் எவ்வளவு தின்கிறார் என்று கணக்கப்பிள்ளை மாதிரி சில நொடிக்கொரு தரம் பேர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

இதுவும் 'பிஎஸ்', 'கில்' வகையறாவும் இருப்பது புரொக்ப்ஸ்-என்ஜி என்ற பொதியில். டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுக்கும் பொதுச் சொத்து. 2022இல் 4.0 பதிப்புக்காக உள்நூலகத்தையே மாற்றினார்கள். அதை நம்பியிருந்த மற்ற நிரல்களும் கூடவே திருந்த வேண்டியதாயிற்று. பராமரிப்பவருக்கு நன்றி வருவது அபூர்வம். முறைப்பாடு மட்டும் தவறாமல் வரும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் பிராசஸ் என்று பேர். ஒவ்வொரு பிராசஸுக்கும் 'நைஸ்' என்றொரு எண் உண்டு. -20 முதல் 19 வரை. எண் கூடக்கூட நல்ல பிள்ளை, அதாவது வரிசையில் கடைசி. நல்ல பிள்ளையாக யார் அனுமதியும் வேண்டாம். முன்னுக்கு வரத்தான் 'ரூட்' என்ற துரை கையெழுத்து வைக்க வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

'ஸோம்பி' பிராசஸ் இன்னும் விசேஷம். ஆள் முடிந்தாயிற்று, பேர் மட்டும் செக்ரோல் பதிவேட்டில் நிற்கிறது. 'கில் -9' கொடுத்தாலும் போகாது. செத்ததை எப்படிச் சாகடிப்பது? பெற்ற பிராசஸ் வந்து கணக்கு முடித்தால்தான் பேர் வெட்டப்படும்.

பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைநாள் கணக்கில் அரைப்பேர் போடும் வசதி மட்டும் இதில் இல்லை. தயவுசெய்து யாரும் கேட்டு எழுதிவிடாதீர்கள்.